மூன்று துளை, ஒன்றரை முழ நூல்

புத்தக பைண்டிங் பழகலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே கெட்டி அட்டை, அதன் மேல் ஒட்டும் காலிகோ துணி, தங்க எழுத்து என்று இறங்கிவிடுகிறார்கள். வேண்டாம். முதலில் மூன்று துளை போட்டுத் தைக்கும் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், கையில் வைத்துப் புரட்டிப் பார்க்கும்போது அடுத்ததைச் செய்யாமல் இருக்க முடியாது.

தேவையானவை: ஏ4 தாள் ஆறு, மேலட்டைக்குக் கொஞ்சம் தடித்த தாள் ஒன்று, ஊசி, குத்தூசி, பத்தாம் நம்பர் நூல், ஒரு துண்டு மெழுகுவர்த்தி. ஆறு தாளை மடித்தால் 24 பக்கம். அதற்கு மேல் ஒரே மடிப்பில் அடுக்கினால் உள்தாள்கள் வெளியே பிதுங்கி ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்கும்.

தாளை எடுத்தவுடன் மடிக்காதீர்கள். தாளுக்குள் இழை ஒரு திசையில் ஓடுகிறது. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும், பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இந்த இழைதான். மடிப்பு இழையோடு போனால் நோட்டு படிந்து உட்காரும், குறுக்கே போனால் விறைத்துக்கொண்டு திறந்தே நிற்கும். நான் முதலில் செய்த நான்கு நோட்டும் அப்படித்தான் நின்றன, தையல்தான் சரியில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில்தான் இருக்கும், அதைப் பாதியாக மடித்தால் இழைக்குக் குறுக்கேதான் மடியும். பழகுவதற்கு அது போதும். நல்ல நோட்டு வேண்டுமென்றால் நீளவாக்கில் இழை ஓடும் ஏ3 தாளை வாங்கிப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள், மடிப்பு இழையோடு போய்விடும்.

ஒவ்வொரு தாளாக மடித்து, மடிப்பை ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். மேலட்டை வெளியே. நோட்டின் உயரம் இப்போது 21 செ.மீ. மடிப்பின் மேல் நடுவில் ஒரு துளை, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. தடித்த பழைய புத்தகம் ஒன்றை விரித்து அதன் பள்ளத்தில் நோட்டை வைத்துக் குத்தினால் குத்தூசி மடிப்பின் நடுவிலேயே இறங்கும்.

நூலை நோட்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு வெட்டி, மெழுகில் இரண்டு தரம் இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வாருங்கள், நூல் நுனியை விரலளவு உள்ளே விட்டுவிட்டு. வெளியிலிருந்து மேல்துளையில் நுழையுங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே வாருங்கள். அப்புறம் மறுபடி நடுத்துளைக்குள். இப்போது இரண்டு நுனியும் உள்ளே இருக்கும், நடுவில் ஓடும் நீள நூல் இரண்டுக்கும் இடையில் வர வேண்டும். அதன் மேல் இரண்டு முடிச்சு. இழுக்கும்போது முதுகின், அதாவது மடிப்பின், நீளவாக்கில் இழுங்கள், தாளை விட்டுத் தூக்கி இழுத்தால் துளை கிழிந்துவிடும்.

இதே மாதிரி பத்துப் பதினைந்து போட்ட பிறகு பல மடிப்புகளைச் சேர்த்துத் தைப்பதற்கும் கெட்டி அட்டைக்கும் போகலாம். அட்டை ஒட்ட மைதா பசை நல்லது: ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் கிளறிக் கண்ணாடி போல மாறும் வரை காய்ச்சி, ஆறியதும் பூசலாம். ஒட்டிய பிறகு ராத்திரி முழுக்க பாரத்தின் கீழ் இருக்கட்டும், அவசரப்பட்டு எடுத்தால் அட்டை வளையும்.

இன்னொன்று. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பாட்டியோ அத்தையோ பைண்டு பண்ணி வைத்த தொகுப்பு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். முதல் பழக்கத்தை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவும் வேண்டாம், நாளாக நாளாக அதன் பசை பழுப்பேறி எழுத்தின் மேலேயே கறையாக இறங்கிவிடும். துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள், கை பழகியதும் பிரித்துத் தைக்கலாம்.