ஊர் மாறினால் மனம் மாறுமா? டிஜிட்டல் நாடோடிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடிக்கணினியும் பையுமாக நாடு நாடாகப் போய் வேலை பார்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் முதன்மையானது, ஓர் ஊரில் கால் ஊன்றுவதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்புவது. மற்றவை பெரும்பாலும் இதன் குட்டிகள்தான்.

நட்பு நேரத்தைத் தின்று வளர்கிறது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும் என்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஓர் ஊரில் மூன்று வாரம் தங்குகிறீர்கள்; ஒருவரை வாரத்துக்கு மூன்று மாலை, இரண்டிரண்டு மணி நேரம் சந்திக்கிறீர்கள். மொத்தம் 18 மணி நேரம். “எங்கிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே?” என்பதைத் தாண்டுவதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடும். இப்படியே ஓராண்டு போனபின் பலர், தமக்குப் பழகத் தெரியவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். குறை குணத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஓரிடத்தில் மூன்று மாதமாவது இருங்கள். அல்லது ஆண்டுதோறும் அதே ஊருக்குத் திரும்புங்கள். பலர் வாடகைக்கு இடம் எடுக்கும் பகிர்வு அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்த நேரத்தை நட்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மனம் சோர்ந்தால் டிக்கெட் எடுப்பது அடுத்த தவறு. புதிய இடத்தைத் தேடும்போதே உற்சாகம் வந்துவிடும். ஆனால் எந்தப் புதுமைக்கும் மனம் சில வாரங்களில் பழகிவிடும். பழைய சோர்வு திரும்ப எட்டிப் பார்க்கும். சோர்ந்திருக்கும் வாரத்தில் பயண முடிவு எடுக்காமல் இருப்பது நல்லது. ஒழுங்காகத் தூங்கிச் சாப்பிட்ட பிறகும் கிளம்பத் தோன்றினால் தாராளமாகக் கிளம்பலாம்.

தூக்கத்தை டிஜிட்டல் நாடோடிகள் அளவுக்கு அலட்சியம் செய்பவர்கள் குறைவு. புதிய இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி அரைவிழிப்பிலேயே இருப்பதை 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நேர வித்தியாசம் வேறு. ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் உடல் பழக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வந்து இறங்கிய மறுநாளே முக்கியமான வேலையை ஒப்படைப்பதாக வாக்களிப்பது தானே தேடிக்கொள்ளும் வினை. வாடிக்கையாளரின் பகல் உங்களுக்கு நள்ளிரவாகும் ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் நெடுநாள் தங்க உகந்ததல்ல.

வீட்டாருக்குக் கடற்கரைப் படங்களை மட்டும் அனுப்புவதும் தவறுதான். “நீயாகத் தேர்ந்தெடுத்த வாழ்க்கைதானே” என்ற பதிலுக்குப் பயந்து பலர் வாயைத் திறப்பதே இல்லை. ஒருவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் கிளம்பும் முன்பே விசாரிக்க வேண்டியவை இரண்டு. பல இடங்களில் சிகிச்சையாளரின் உரிமம் எல்லை தாண்டினால் செல்லாது. இணையவழி ஆலோசனைக்கும் இது பொருந்தலாம். ஒரு நாட்டில் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை இன்னொரு நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கலாம். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் ஆம்ஃபெடமின் அடங்கிய மாத்திரைகளை, மருந்துச் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பொருளின் பெயரும் உள்ள கடிதத்தை மருத்துவரிடம் வாங்கிக்கொண்டு, போகும் நாட்டின் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.