லேப் டிப் முதல் பல்க் வரை: சாயப்பட்டறையில் நிறம் பார்க்கும் முறை

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் நிறப் பொறுப்பை ஏற்பவர், வேண்டிய நிறத்தைக் காட்ட வாங்குபவர் அனுப்பிய பான்டோன் (எண்ணிட்ட நிறத் தொகுப்பு) பருத்தித் துண்டு வந்ததும் சாயம் கலக்கத் தொடங்கிவிடாமல், எந்த ஒளியில் அந்த நிறம் ஏற்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பல ஆர்டர்களில் டி65 என்னும் பகலொளி முதன்மையாகவும், ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கை ஒத்த டிஎல்84 இரண்டாவதாகவும் இருக்கும். பகலொளியில் ஒன்றாகத் தெரியும் இரு துணிகள், கடை விளக்கின்கீழ் ஒன்று சிவந்தும் மற்றொன்று பச்சை படிந்தும் தெரிவதுண்டு. இரண்டிலும் சாயக் கூட்டு வேறாக இருப்பதே இதற்குக் காரணம் என்பதால், அதே சாயங்களின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை; சாயங்களையே மாற்றிப் புது ரெசிபி போட வேண்டும்.

லேப் டிப் (ஆய்வகத்தில் சிறு துண்டில் எடுக்கும் மாதிரிச் சாயம்) போடும்போது, பல்க்கில் (முழு ஆர்டருக்கான பெரிய அளவுச் சாயமேற்றுதலில்) ஓடப்போகும் அதே துணியையும் அதே தண்ணீரையும் பயன்படுத்துங்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை அடுத்து, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை இங்கே நிலைபெற்றது. அதில் மீட்கப்படும் உப்புக் கரைசலும் சாயமேற்றுதலுக்கே திரும்புகிறது. ஆகவே, தூய நீரிலும் புது உப்பிலும் எடுத்த ஷேடு (நிறம்) பல்க்கில் அப்படியே வரும் என்று நம்பியிருக்க முடியாது.

சாயமேற்றிய துண்டைச் சோப்பில் அலசி, உலர்த்தி, சூடு ஆறி அது காற்றின் ஈரத்தை ஏற்றுக்கொண்ட பிறகே லைட் பாக்ஸில் (குறித்த விளக்குகளை மாற்றிப் போட்டு நிறம் பார்க்கும் பெட்டியில்) வையுங்கள். அறை விளக்கை அணைத்து, மூலத்துண்டையும் லேப் டிப்பையும் பின்னல் ஒரே திசையில் இருக்குமாறு ஒட்டி வைத்து, 45 பாகைச் சாய்வில் பாருங்கள். அடர்சிவப்பைப் பார்த்த கண்ணால் உடனே வெளிர்நிறத்தை மதிப்பிடக் கூடாது.

நிறத்தை எண்ணாக அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் அளக்கும்போது, ஒளி ஊடுருவாதபடி துணியைப் பல மடிப்பாக மடித்து, இடம் மாற்றியும் திருப்பியும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இரு துண்டுகளின் நிற வேறுபாட்டைச் சொல்லும் டெல்டா ஈ என்ற எண் 1-க்குள் இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். ஆனால் அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. வேறுபாடு வெளிர்வு–அடர்வில் இருக்கிறதா, நிறச்சாயலில் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். சாம்பல், காக்கி போன்றவற்றில் சிறிய சாயல் மாற்றத்தையும் கண் பிடித்துவிடும்; எண் சரியாக இருந்தாலும் அத்தகைய துண்டை அனுப்பாமல் மீண்டும் போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கொடுத்து, பின்னர் சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங் முடிந்ததும் ஷேடு சற்று மாறக்கூடும். எனவே பல்க் ஒப்புதலை இறுதித் துணியில் மட்டுமே கொடுங்கள். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதியிலிருந்தும்) ஒரு துண்டை வெட்டி, லாட் எண்ணை எழுதி, ஒப்புதல் பெற்ற துண்டுடன் ஒளி படாத உறையில் வைத்திருங்கள்.