சாரல் காலத்தில் வண்டின் மூச்சை அளப்பது எப்படி?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் பிடித்தால் அரிசி மூட்டையில் கூன்வண்டு பெருகும். பூச்சிமருந்து மாத்திரை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடியும் சாகவில்லை என்று குடோன்காரர்கள் மருந்தைத் திட்டுவார்கள். மருந்து மட்டும் காரணமில்லை. குளிரில் வண்டு மெதுவாக மூச்சு விடும். மாத்திரை விடும் பாஸ்பீன் வாயு அந்த மூச்சோடுதான் உடலுக்குள் போகிறது.

தேவையானவை: ஒரே அளவில் 2 சோதனைக் குழாய், ஒற்றைத் துளை ரப்பர் அடைப்பான், 1 மி.லி. பிப்பெட் (அளவுக்கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழல்) இரண்டு, சோடா சுண்ணாம்பு, பஞ்சு, மணல் நிரப்பிய தட்டு, வெப்பமானி.

1. அரிசியைச் சலித்து 100 வண்டுகளை எடுங்கள்.

2. குழாயின் அடியில் சோடா சுண்ணாம்பு, மேலே பஞ்சு, அதற்கும் மேலே வண்டுகள். சுண்ணாம்பு வண்டின் மேல் படக் கூடாது. வண்டு விடும் கரியமில வாயுவை அது உறிஞ்சிவிடும்; ஆக்சிஜன் குறைவது மட்டும் நமக்குத் தெரியும்.

3. இரண்டாவது குழாயில் வண்டு தவிர எல்லாம் போடுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கைச்சூட்டுக்கே காற்று விரியும், ஆகவே இது இல்லாத கணக்கை நான் நம்பமாட்டேன்.

4. பிப்பெட் செருகிய அடைப்பானால் இறுக மூடி, குழாய்களை மணலில் படுக்கையாகப் புதைத்துக் கால் மணி நேரம் விடுங்கள்.

5. பிப்பெட்டின் வெளிமுனையில் சோப்பு கலந்த ஒரு சொட்டு வண்ணத் தண்ணீர் வையுங்கள். சொட்டு குழாயை நோக்கி நகரும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் குறியுங்கள்.

வண்டுக் குழாயின் நகர்விலிருந்து வெறுங்குழாயின் நகர்வைக் கழியுங்கள். உதாரணத்துக்கு 0.2 மி.லி. வந்தால் ஒரு வண்டுக்கு மணிக்கு 2 மைக்ரோ லிட்டர். வெயில் நாளில் ஒருமுறை, சாரல் நாளின் விடியலில் ஒருமுறை அளந்து மணலின் வெப்பத்தையும் எழுதி வையுங்கள். 10 டிகிரி குறைந்தால் மூச்சு ஏறத்தாழ பாதியாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் வளர்ந்த வண்டைவிட மருந்தைத் தாங்கும் என்பதால், குளிரில் அளவைக் கூட்டுவதைவிட மூடிவைக்கும் நாளைக் கூட்டுவதே சரி. மாத்திரையைப் பயிற்சி பெற்றவர்தான் கையாள வேண்டும். வீட்டுக்குள் கூடவே கூடாது.

வீட்டு அரிசிக்குக் காற்றுப்புகா டப்பா போதுமா? ஒரு லிட்டர் டப்பா நிறைய அரிசி இருந்தால் இடுக்குகளில் சுமார் 400 மி.லி. காற்று, அதில் 84 மி.லி. ஆக்சிஜன். காற்றில் ஆக்சிஜன் 3 சதவீதத்துக்கு இறங்கினால்தான் வண்டு திணறும். நம் 100 வண்டுகள் அதே வேகத்தில் மூச்சு விட்டால் ஏறக்குறைய 15 நாள். 10 வண்டு என்றால் மாதக் கணக்காகும். அதற்குள் அவை முட்டையிட்டுவிடும்.