மஞ்சள் குருத்துப்புழு: மருந்தடித்த பாத்திக்கும் அடிக்காத பாத்திக்கும் வித்தியாசமே வராத கதை

கோபிப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்தில் தண்டுத் துளைப்பானுக்கு, அதாவது தண்டைத் துளைத்து உள்ளே தின்னும் இந்தக் குருத்துப்புழுவுக்கு, மருந்து சோதனை போட்டிருந்தோம். மாலத்தியான் 50 ஈ.சி. (தண்ணீரில் கலந்து தெளிக்கும் பூச்சிமருந்து, 50 சதவீதம் வீரியம்), லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி., அதாவது 0.1 சதவீதம், 21 நாள் இடைவெளி. எண்ணிப் பார்த்தால் மருந்தடித்த பாத்தியிலும் சும்மா விட்ட பாத்தியிலும் துளை விழுந்த தண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவு.

முதலில் மருந்தைச் சந்தேகப்பட்டு வேறு கடையில் புது டப்பா வாங்கினோம், ஒன்றும் மாறவில்லை. போர் தண்ணீர் உப்பு என்று மழைத்தண்ணீரில் கலந்தோம், தெளிப்பான் மூக்கை மாற்றினோம், ஒட்டுப்பசை சேர்த்தோம். அதே எண்ணிக்கை. வாரக்கணக்கில் வீண்.

அப்புறம் துளை உள்ள தண்டுகளைக் கத்தியால் பிளந்தபோதுதான் பிடிபட்டது. பாதிக்கு மேல் உள்ளே புழுவே இல்லை, வெறும் கூட்டுப்புழு ஓடு. மருந்துக்கு முன்பே தின்றுவிட்டுப் போனவை! துளை மட்டும் ஆறாமல் நிற்கிறது, நாம் அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

துளை வாயில் தள்ளியிருக்கும் எச்சத்தைப் பாருங்கள். ஈரமாக, வெளிர் நிறத்தில் இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. காய்ந்து பழுப்பாக உதிர்ந்தால் பெரும்பாலும் பழையது. தெளிப்புக்கு முந்தின நாள் பழைய துளைத் தண்டுகளுக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டிவிட்டு, அடுத்த எண்ணிக்கையில் நூல் இல்லாதவற்றை மட்டும் எண்ணினோம். வித்தியாசம் பளிச்சென்று வந்தது.

இன்னொன்று, குருத்து மஞ்சளானதையெல்லாம் புழு கணக்கில் எழுதாதீர்கள். இழுத்ததும் அடியோடு கையில் வந்தால் அது கிழங்கழுகல்.