பாஸ்வேர்டை எடுக்காமலே வீட்டுக் கணினிகளுக்குள் ஃபைல் பகிர்வது எப்படி?

ஹால் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோட்டோக்களை ரூமில் லேப்டாப்பில் பார்க்க பென்டிரைவ் தேவையில்லை. விண்டோஸ் 11-லேயே வசதி இருக்கிறது. ஆனால் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்'கை ஆஃப் செய்யச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அதை ஆஃப் செய்து 'எவ்ரிஒன்' என்று பகிர்ந்தால், அதே வைஃபையில் இருக்கும் எவரும் உள்ளே வரலாம். சென்னையில் ஒரே கனெக்‌ஷனை மாடி போர்ஷனும் கீழ் போர்ஷனும் பங்கு போட்டுக்கொள்ளும் வீடுகள் ஏராளம். போதாக்குறைக்கு, விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட் உள்ள ப்ரோ பதிப்பு பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பை வழக்கமாக ஏற்பதும் இல்லை.

முதலில் இரண்டு கணினியிலும் செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 'பிரைவேட் நெட்வொர்க்' என்று மாற்றுங்கள். பிறகு டெஸ்க்டாப்பின் 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' பகுதியில், பிரைவேட்டுக்குக் கீழே நெட்வொர்க் டிஸ்கவரி (கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் வசதி), ஃபைல் ஷேரிங் இரண்டும் ஆன். பப்ளிக்கில் இரண்டும் ஆஃப்.

அடுத்தது பலரும் தாண்டிப்போகிற படி: பகிர்வுக்கென்றே டெஸ்க்டாப்பில் ஒரு லோக்கல் கணக்கு. அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட் என்று போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். தினமும் கணினியைத் திறக்கும் நாலு இலக்கப் பின் (PIN) நெட்வொர்க்கில் செல்லாது. "பாஸ்வேர்டு சரியாத்தானே போடுறேன், ஏத்துக்க மாட்டேங்குதே" என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இந்தப் பின்தான் காரணம்.

இனி டி டிரைவில் ஒரு புது ஃபோல்டர் போடுங்கள். முழு டிரைவையும் பகிர வேண்டாம். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், 'ஷேர்' பட்டன். அந்தப் புதுக் கணக்கைச் சேர்த்து 'ரீட்' மட்டும் கொடுங்கள். 'ரீட் ரைட்' கொடுத்தால், லேப்டாப்பிலிருந்து டெலீட் செய்யும் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். பக்கத்தில் உள்ள 'அட்வான்ஸ்டு ஷேரிங்' பக்கம் போகாதீர்கள். அது பகிர்வு அனுமதியை மட்டும் மாற்றும், செக்யூரிட்டி டேபில் உள்ள அனுமதியைத் தொடாது. 'ஆக்சஸ் டினைடு' வருவது பெரும்பாலும் அதனால்தான்.

லேப்டாப்பில் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, \\192.168.1.20 என்பதுபோல டெஸ்க்டாப்பின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) அடியுங்கள். எண் டெஸ்க்டாப்பில் அந்த வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்திலேயே இருக்கும். யூசர்நேம் கேட்டால் டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு \ குறி, புதுக் கணக்கின் பெயர் என்று கொடுங்கள். ஐபி மாறிக்கொண்டே இருந்தால், எப்போதும் அதே எண் கிடைக்கும்படி ரவுட்டரில் ரிசர்வ் செய்துவிடலாம்.

திறக்கவே இல்லையா? டெஸ்க்டாப் ஸ்லீப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ரவுட்டர். ஃபைபர்காரர் வைத்த மோடம் ஹாலில், சிக்னல் போதாமல் நீங்கள் வாங்கிய ரவுட்டர் பெட்ரூமில் என்றால், ஒன்று 192.168.1 வரிசையிலும் மற்றது 192.168.0 வரிசையிலும் எண் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது இரண்டு கணினியும் ஒன்றையொன்று பார்க்காமல் போகலாம். இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடுக்கு (தனியாக எண் கொடுக்காமல் வைஃபையை மட்டும் தரும் முறை) மாற்றினால் சரியாகிவிடும். கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் இதே கதைதான்.

பழைய டிவி பாக்ஸ் 'எஸ்எம்பி 1' (ஃபைல் பகிர்வின் பழைய முறை) கேட்டால் அதை ஆன் செய்யாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். வெளியூரிலிருந்தும் ஃபைல் வேண்டுமென்றால் விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனிப்பாதை) போடுங்கள், ரவுட்டரில் ஃபைல் பகிர்வுக்கான வாசலான 445 போர்ட்டை மட்டும் திறந்துவிடாதீர்கள்.