இணையவழி அறிவியல் பாடத்தில் மாணவர் உண்மையிலேயே கற்க: புதிய ஆசிரியர்களுக்கான செய்முறை விளக்கம்

கல்லூரி அறிவியல் பாடத்தை முதன்முறையாக இணையவழியில் நடத்தப்போகும் ஆசிரியர் பெரும்பாலும் காணொலியிலிருந்துதான் தொடங்குகிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன்; வகுப்பறை விரிவுரைகளை 50 நிமிட அளவில் அப்படியே பதிவுசெய்து ஏற்றினேன். எல்லாக் காணொலிகளையும் பார்த்து முடித்திருந்த மாணவர்கள்கூட அடிப்படைக் கேள்விகளில் தடுமாறுகிறார்கள் என்பது பருவ இறுதித் தேர்வின்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு பாடத்தின் வரிசையை மாற்றினேன். விளக்கம் வருவதற்கு முன்பே மாணவர் தம் விடையைச் சொல்லியாக வேண்டும் என்பதே அந்த மாற்றம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

படி 1: வார முடிவில் மாணவர் செய்து காட்ட வேண்டியதை எழுதுங்கள்

"நியூட்டனின் இயக்க விதிகளைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால், அதை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்? "சாய்தளத்தில் உள்ள பொருளின்மீது செயல்படும் விசைகளை வரைந்து, அதன் முடுக்கத்தைக் கணக்கிடுவார்" என்று எழுதினால் அந்த வாக்கியமே பாதி வினாத்தாளாகிவிடுகிறது. வாரத்துக்கு இப்படி இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். அவற்றில் ஒன்றுக்கும் உதவாத காணொலி எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அதை நீக்கிவிடுங்கள்.

படி 2: பாடத்துக்கு முன் ஒரு கேள்வி

மாணவர்கள் வெற்று மனத்தோடு வருவதில்லை. உலகம் எப்படி இயங்குகிறது என்பது பற்றிய தங்கள் சொந்தக் கருத்துகளோடு வருகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: "செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து உச்சியை எட்டும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு?" பலர் "சுழி" என்று விடையளிப்பார்கள். அந்தக் கணத்தில் சுழியாவது திசைவேகம்தான். புவியீர்ப்பு அப்போதும் செயல்படுவதால் முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீ/வி² ஆகவே இருக்கிறது. முடுக்கமும் சுழியாகி அப்படியே நீடித்தால் பந்து வானத்திலேயே நின்றுவிடும் அல்லவா என்று கேட்டுப் பாருங்கள். விளக்கம் தேவைப்படுவதை மாணவரே உணர்வார்.

இத்தகைய கேள்விகளில், மாணவர் தேர்ந்தெடுக்க நீங்கள் தரும் விடைகளுள் தவறான விடைகளைத்தான் மிகக் கவனமாக எழுத வேண்டும். ஒவ்வொரு தவறான விடையும் மாணவர்கள் உண்மையில் கொண்டிருக்கும் ஒரு தவறான கருத்தைப் பிரதிபலித்தால், யார் எங்கே இடறுகிறார் என்பதை விடைப் பட்டியலே உங்களுக்குக் காட்டிவிடும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறையில், மாணவர்கள் முதலில் தனியாக விடையளித்து, பின் அருகிலிருப்பவரோடு விவாதித்து, மீண்டும் விடையளிக்கிறார்கள். நேரலை வகுப்பில் மூவர் அல்லது நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து ஐந்து நிமிடம் பேசவிட்டால் இதை இணையத்திலும் செய்யலாம்.

படி 3: காணொலியைத் துண்டுகளாக்குங்கள்

எட்எக்ஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தில் நிகழ்ந்த ஏறத்தாழ 69 லட்சம் காணொலிப் பார்வைகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு காணொலிக்கு ஒரு கருத்து, அதன் முடிவில் ஒரு கேள்வி என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கையால் செய்யும் ஆய்வு

இணையவழிப் பாடத்தில் பலரும் கைவிடுவது ஆய்வகத்தைத்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் போன்ற இலவச உருவகச் செயலிகள் பெரிதும் உதவும். ஆயினும் அளவீட்டில் வரும் பிழையை மாணவர் தம் கையாலேயே ஒருமுறை சந்திக்க வேண்டும்.

தனி ஊசல் இதற்குப் போதும். நூல், ஏதேனும் ஒரு கனமான சிறு பொருள், அளவுநாடா, கைப்பேசியின் நிறுத்தக் கடிகாரம் ஆகியவை இருந்தால் ஆய்வைத் தொடங்கிவிடலாம். தொங்கவிட்ட புள்ளியிலிருந்து பொருளின் மையம்வரை 1 மீட்டர் இருந்தால், சிறு வீச்சில் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 விநாடி ஆகும். முதலில் ஒரே ஓர் அலைவை அளக்கச் சொல்லுங்கள். பிறகு 10 அலைவுகளை அளந்து பத்தால் வகுக்கச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினால், முதல் முறையில் அது 10 விழுக்காட்டுப் பிழை. இரண்டாம் முறையில் அதே பிசகு 1 விழுக்காடாகச் சுருங்குகிறது. நூலின் நீளத்தை நான்கு முறை மாற்றி அளந்து, நீளத்துக்கும் அலைவுக் காலத்தின் வர்க்கத்துக்கும் வரைபடம் வரைந்தால், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும். அறிக்கையில் 9.8 வந்ததா என்பதற்கு மதிப்பெண் தராதீர்கள். தமக்கு வந்த எண் ஏன் விலகியது என்பதை மாணவர் எப்படி விளக்குகிறார் என்பதற்குத் தாருங்கள். விடையைப் படியெடுக்கும் பழக்கம் இதனாலேயே பெருமளவு குறையும்.

படி 5: திரும்பத் திரும்ப நினைவுகூர வையுங்கள்

உளவியல் ஆய்வாளர்களான ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து ஒருமுறை தம்மைச் சோதித்துக்கொண்டவர்கள் 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஆகவே ஒவ்வொரு வாரமும் ஐந்து கேள்விகள் கொண்ட சிறு தேர்வை வையுங்கள். அதில் இரண்டு கேள்விகள் பழைய வாரங்களிலிருந்து வரட்டும். மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தால் போதும். மீண்டும் எழுதும் வாய்ப்பும் இருக்கட்டும்.

இப்படி நடத்தும்போது சில மாணவர்கள், விரிவுரையே நன்றாக இருந்தது என்று குறைபடுவார்கள். மூளை உழைக்கும்போது குறைவாகக் கற்பதுபோலத் தோன்றுவது இயல்பு என்பதை முதல் வாரத்திலேயே அவர்களிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

படி 6: முன்னேற்றத்தை அளவிடுங்கள்

பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அடிப்படைக் கருத்துகளின் புரிதலைச் சோதிக்கும் ஒரே தேர்வை வைத்து, கூடிய மதிப்பெண்ணை, கூடியிருக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பெண்ணால் வகுத்துப் பாருங்கள். வகுப்பின் சராசரி நூற்றுக்கு 40-லிருந்து 70 ஆனால், கூடிய 30-ஐ எஞ்சியிருந்த 60-ஆல் வகுக்க 0.5 கிடைக்கும். இயற்பியலாளர் ரிச்சர்டு ஹேக் 1998-இல் 62 இயற்பியல் பாடப்பிரிவுகளை இதே முறையில் ஒப்பிட்டபோது, வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23 ஆகவும், மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளின் சராசரி 0.48 ஆகவும் இருந்தன.

உங்கள் எண் முதல் பருவத்தில் 0.25 என்று வந்தால் மனம் தளராதீர்கள். கேள்விவாரியாகப் பார்த்து, மிகக் குறைவாக உயர்ந்த ஒரே ஒரு கருத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வாரத்துக்கான முன்கேள்வியையும் காணொலியையும் மட்டும் அடுத்த பருவத்துக்கு மாற்றி எழுதுங்கள்.