அதிக ஹெச்பி டீசல் பிக்அப்புக்கு லிஃப்ட் பம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி?

டியூனிங் செய்து பவர் ஏற்றிய டீசல் பிக்அப், ஒரு கட்டத்துக்கு மேல் இழுக்க மறுத்தால் பலரும் டர்போவையும் இன்ஜெக்டரையும்தான் சந்தேகப்படுவார்கள். டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிக்கொடுக்கும் லிஃப்ட் பம்ப் கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதை வாங்கும்போதும் பெட்டிமேல் போட்டிருக்கும் கேலன் கணக்கை (மணிக்கு எத்தனை கேலன் தள்ளும் என்பதை) மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய எண் வேறு: முழு லோடில், இன்ஜெக்டர்களுக்கு அதிக அழுத்தத்தில் டீசலை அனுப்பும் ஹை பிரஷர் பம்பின் நுழைவாயிலில் எவ்வளவு பிஎஸ்ஐ (அழுத்த அளவு) நிற்கிறது என்பதுதான்.

படி 1: உங்கள் இன்ஜினில் இருப்பது எந்த ஹை பிரஷர் பம்ப்?

1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த ராம் பிக்அப்பின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் விபி44 என்ற பம்ப் இருக்கும். அதைக் குளிர்விப்பதும் அதற்கு லூப்ரிகேஷன் தருவதும் உள்ளே ஓடும் டீசல்தான். அதனால் வரத்து குறைந்தால் பவர் போவதோடு நிற்காது, பம்பே போய்விடும். முழு லோடிலும் 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கவே கூடாது. 14, 15 நின்றால் நிம்மதி.

2003 முதல் 2018 வரை கம்மின்ஸில் சிபி3 பம்ப். இது கொஞ்சம் பொறுத்துப்போகும். 2001 முதல் 2016 வரையிலான டூராமேக்ஸ் (ஜிஎம்மின் டீசல் இன்ஜின்) பிக்அப்களிலோ கம்பெனி லிஃப்ட் பம்பே கிடையாது, ஹை பிரஷர் பம்பே டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஸ்டாக் பவரில் சமாளித்துவிடும். பவர் ஏற ஏற உறிஞ்சும் லைனில் வெற்றிடம் கூடும், டீசலில் கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரியும், இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரித்துக்கொடுக்கும் ரெயில் குழாயில் பிரஷர் விழும். 2011 முதல் 2016 வரையிலான டூராமேக்ஸிலும், 2011 முதல் வந்த ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினிலும் சிபி4 பம்ப். காற்று கலந்த டீசல் இதற்கு ஆகவே ஆகாது. உள்ளே உலோகத் துகள் உதிர்ந்தால் ரெயில், இன்ஜெக்டர் என்று எல்லாவற்றையும் மாற்றும்படி ஆகிவிடும்.

ஃபோர்டின் பழைய 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் தனி ரகம். அதில் டீசல் நேராக இன்ஜெக்டருக்கே போகிறது, 60 பிஎஸ்ஐ அளவில் வேண்டும். சிபி3க்கான கிட்டை அதில் மாட்டிப் பயனில்லை.

படி 2: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஃபில்டருக்குப் பிறகு, ஹை பிரஷர் பம்புக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் வையுங்கள். இடையில் ஊசி வால்வோ ஸ்னப்பரோ (துடிப்பைத் தணிக்கும் சிறு ஃபிட்டிங்) அவசியம். பம்பின் துடிப்பு நேராகத் தாக்கினால் சென்ஸார் சீக்கிரமே கெடும். ஐடிலில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். மேல் கியரில் முழு த்ராட்டில் கொடுத்து ஒருவர் ஓட்ட, இன்னொருவர் முள்ளைக் கவனிக்கட்டும்.

ஐடிலில் 15 காட்டி, லோடில் 5க்கு இறங்கினால் வரத்து போதவில்லை. முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று கலக்கிறது. டேங்க் கால் பங்குக்குக் கீழே போனால் மட்டும் இந்தத் தொல்லை என்றால், டேங்குக்குள் டீசலை உறிஞ்சும் குழாயைப் பாருங்கள். முதலில் ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி அளப்பது நல்லது. பாதிப் பேருக்கு அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

படி 3: கணக்கு

டீசல் இன்ஜின் ஒரு ஹெச்பிக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.4 பவுண்டு டீசல் எரிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 600 ஹெச்பிக்கு 240 பவுண்டு. ஒரு அமெரிக்க கேலன் டீசல் சுமார் 7 பவுண்டு, ஆக மணிக்கு 34 கேலன். டைனோவில் (பவர் அளக்கும் கருவியில்) வந்த எண் சக்கரத்தில் அளந்தது என்றால் 15 முதல் 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 150 கேலன் பம்ப் எதற்கு? ஹை பிரஷர் பம்பும் இன்ஜெக்டர்களும் ஒரு பங்கை ரிட்டர்ன் லைனில் திருப்பி அனுப்புகின்றன. தவிர, பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாதபோது வரும் அளவு. 2 மைக்ரான் ஃபில்டர், நீளமான ஹோஸ், வளைவுகள் எல்லாம் தாண்டி பிரஷரும் பிடிக்கும்போது அது நன்றாகவே குறையும். ஆகவே எரியும் அளவைப் போல நாலு மடங்கு பார்த்து வாங்குவது எங்கள் கணக்கு. லேசான டியூனிங்கோடு 400, 450 ஹெச்பி என்றால் 95 முதல் 100 கேலன் போதும். 600, 700 என்றால் 150 முதல் 165. இரட்டை சிபி3, பெரிய இன்ஜெக்டர் என்று போகிறவர்களுக்கு 200க்கு மேல். எப்படியோ கூடட்டும் என்று பெரியதை வாங்கி சின்ன லைனில் மாட்டினால் கரன்ட்டும் சூடும்தான் கூடும்.

விபி44 வைத்திருப்பவர்கள் பிரஷரையும் கவனிக்க வேண்டும். 20 பிஎஸ்ஐயைத் தாண்டினால் ஸ்டார்ட் ஆவதில் தகராறு வரலாம். ரெகுலேட்டர் ஸ்பிரிங்கை மாற்றக்கூடிய பம்ப் நல்லது.

படி 4: டேங்கும் லைனும்

ஃபாஸ், ஏர்டாக் போன்ற லிஃப்ட் பம்ப் கிட்கள் காற்றைப் பிரித்து டேங்குக்கே அனுப்பிவிடும். ஆனாலும் டேங்கில் உறிஞ்சும் குழாய் சரியில்லை என்றால் அவையும் தடுமாறும். குழாயின் அடிப்பகுதியைச் சாய்வாக வெட்டி, டேங்க் தரையிலிருந்து கால் அங்குலம் விட்டு நிறுத்துங்கள். தட்டையாக வெட்டித் தரையில் முட்டவிட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். ரிட்டர்ன் வாய் அதன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. திரும்பி விழும் நுரையையே மறுபடி உறிஞ்சும்.

150 கேலனுக்கு மேல் அரை அங்குல லைன். கம்பெனி பேஞ்சோ போல்ட்டின் (லைனை இணைக்கும், டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்) துளை சின்னது. அதை விட்டுவைத்தால் பெரிய ஹோஸ் போட்டதும் வீண்.

படி 5: வயரிங்

பேட்டரியிலிருந்து நேராக ரிலே, ஃபியூஸ், தடிமனான வயர். பழைய பம்பின் வயர் ரிலேயை இயக்க மட்டும். இன்ஜின் ஓடும்போது பம்பின் கனெக்டரில் வோல்ட்டேஜ் அளங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கிரவுண்ட் வயர் இணையும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

படி 6: மாட்டிய பிறகு

சாவியை ஆன் செய்து அணைத்து, நாலைந்து முறை பிரைம் செய்த (லைனில் டீசலை நிரப்பிய) பிறகே ஸ்டார்ட் கொடுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஃபிட்டிங் தளர்ந்திருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் காய்ந்திருக்கிறது என்று விட்டுவிடாமல் ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். பிறகு படி 2-ல் செய்த அதே ஓட்டம். லோடில் வரும் எண்ணை எழுதிவையுங்கள். பின்னால் அது 3, 4 பிஎஸ்ஐ குறைந்தால் ஃபில்டர் மாற்றும் நேரம்.